இன்னும் கொஞ்சம் இறக்கு

"ரெண்டு மீட்டர் இருபத்தஞ்சு," என்று ஏணியின் மேலிருந்து நெலிதா குரல் கொடுத்தாள்.

"இறக்கு," என்றாள் அம்மா, அடுத்த அறைக் கட்டிலிலிருந்து.

"ரெண்டு இருபது. இது போதும்மா."

"இன்னும் கொஞ்சம் இறக்கு."

குளியலறைக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதுவும் விரியத் திறந்து கிடந்தது. ஏணியிலிருந்து பார்த்தால் போர்வைக்கு வெளியே அம்மாவின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. ஆள் பாதியாகி எலும்பும் தோலுமாகக் கிடந்தாலும் செனோபியாவின் வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

"அம்மா, பன்னெண்டு வருஷமா நான் லீமாவுல ஆபீஸ் ஆபீஸா ஃபால்ஸ் சீலிங் போடறேன். ரெண்டு இருபதுக்குக் கீழ யாரும் போட மாட்டாங்க. குகைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்."

"குகையில இருக்கப்போறது நான்தானே. எனக்கு ஒண்ணரை மீட்டர் உசரம்கூட இல்ல. ரெண்டு பத்து போடு."

"வில்மெர் வந்தா தலையில உரசற மாதிரி இருக்கும்."

"அவன் எங்க வரப்போறான்? பதினோரு வருஷமா இந்த ரூமுக்குள்ள காலை வைக்காதவன். வந்தா குனிஞ்சு வரட்டும்."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தம்பி வில்மெர் மாடி கட்டினான். மலைச்சரிவில் எல்லோரும் கட்டுவது போலத்தான். காசு சேரும்போது ஒரு தளம், அதன்மேல் அடுத்த தளத்துக்காகக் கம்பிகளை வானத்தைப் பார்த்து நிற்கவிட்டுவிடுவது. மாடிக் கழிவறையின் குழாயைச் சுவருக்கு வெளியே இறக்கியிருக்கலாம். சுவரை உடைக்கச் சோம்பல்பட்டு, அம்மாவின் குளியலறைக் கூரைக்கடியிலேயே குறுக்காக ஓட்டிவிட்டான். ஒரு மாசம்தான் அம்மா, அப்புறம் மாத்திடறேன் என்றான். அந்த மாசம் இன்னும் முடியவில்லை. மேலே யார் தண்ணீர் ஊற்றினாலும் அம்மாவின் தலைக்குமேல் தடதடவென்று ஓடும். குழாய் வளையும் மூட்டில் சொட்டும். அம்மா அங்கே ஒரு மார்கரின் டப்பாவைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, சனிக்கிழமைதோறும் முக்காலிமேல் ஏறிக் கழற்றிக் கொட்டி வந்தாள். மகனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்பது அவள் கட்சி.

இப்போது அந்தக் குழாயை மறைத்து ஒரு கூரை வேண்டும் என்றாள். வெறும் கூரை இல்லை. அதற்குள் பதித்த வட்ட விளக்குகள், ஆறு. இங்கே எல்லோரும் அதை மாட்டுக்கண் என்பார்கள். முப்பது வருஷம் லீமாவின் பணக்காரப் பகுதியான மிராஃப்ளோரெஸில் ஒரு சீமாட்டியின் வீட்டில் வேலை செய்தவள் செனோபியா. அந்தச் சீமாட்டியின் குளியலறையில் இருந்தவை ஆறு. வேலைக்காரிக்கென்று பின்கட்டில் இருந்த குளியலறையில் ஒயரில் தொங்கும் குண்டு பல்பு ஒன்று. ஆறு விளக்கையும் வாரம் இரண்டு முறை துடைத்ததாகவும், ஒருநாளும் அதற்கடியில் உட்கார்ந்ததில்லை என்றும் அம்மா சொல்வாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குளியலறையைப் படம் போட்டு ஆறு வட்டமும் போட்டு வைத்திருந்தாள். ஐந்தடி அகல இடத்துக்கு மூன்று போதுமே என்று நெலிதா சொன்னதற்கு, "ஆறு. அஞ்சுகூட வேண்டாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, ரெண்டு பதினெட்டு," என்றாள் நெலிதா. "இதுக்குக் கீழ ஒரு விரக்கடைகூட இறங்க மாட்டேன். எனக்கும் தொழில் மானம் இருக்கு."

பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நெலிதா நினைத்தாள். கோபித்தால் கோபிக்கட்டும். பென்சிலால் குறி வைத்தாள். தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை மூலைக்கு மூலை பிடித்து நாலு சுவரிலும் இரண்டு பதினெட்டை ஏற்றினாள். நீலச் சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டாள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். நடுவில் ஒருமுறை, "சும்மா மூஞ்சிய தூக்கி வெச்சுக்காதே, முடிஞ்சதும் பாரு," என்றுகூடச் சொன்னாள்.

இறங்கி வந்து பார்த்தபோது அம்மா வாயைக் கொஞ்சம் திறந்தபடி செத்துப்போயிருந்தாள். முகம் குளியலறைப் பக்கம் திரும்பியிருந்தது.

நெலிதா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கையில் நூல் இருந்தது. எந்த எண்ணுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் போனாள் என்று யோசித்தாள். செத்துக்கொண்டிருந்தவளோடு எட்டு சென்டிமீட்டருக்கு மல்லுக்கு நின்றிருக்கிறோம் என்று தெரிந்ததும் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரம் அடுத்த ஐந்து நாளும் அவளை விட்டுப் போகவில்லை.

அது செவ்வாய்க்கிழமை.

*

முன்னறையில் சவப்பெட்டியை வைத்தார்கள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் தெருவே வந்துவிட்டது. காப்பி, ரொட்டி, சோம்புச் சாராயம், கன்னத்தில் அதக்கிக்கொள்ள ஒரு தட்டில் கோகா இலை. கூரைக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு பச்சை ஜிப்சம் பலகைகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. ஈரம் தாங்கும் பலகை, குளியலறைக்கென்றே வருவது.

நெலிதா சமையலறையிலிருந்து சூப் கொண்டு வந்தபோது பலகை ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை இரண்டு பீர்ப் பெட்டிகள்மேல் கிடத்தி, வில்மெரின் கூட்டாளிகள், எல்லாம் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அதன்மேல் டம்ளர்களைப் பரப்பிச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டி வைத்த வீட்டில் விடிய விடிய சீட்டாடுவது தப்பில்லை. பலகைமேல் ஆடியதுதான் தப்பு.

"எந்திரிங்க," என்றாள்.

"இருக்கட்டும் அக்கா, இந்தக் கை முடிஞ்சதும்…"

அவள் சூப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு டம்ளராக எடுத்து ஒவ்வொருவன் கையிலும் கொடுத்தாள். சீட்டுக்கட்டை ஒருவன் மடியில் போட்டாள். பலகையைத் தனியாளாகத் தூக்கி, பெட்டிக்குப் பின்னால், யாரும் எட்ட முடியாத இடத்தில் சாய்த்தாள். பலகையின் நடுவில் வட்டமாய்க் காப்பிக் கறை.

வில்மெர் எழுந்து வந்தான். அம்மாவைப் போலக் குட்டையில்லை அவன்; அப்பாவின் உயரம். "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். அது அம்மா வாங்கின பலகை."

"அம்மாவே போயாச்சு. இனிமே யாருக்கு அந்தக் கூரை?"

"அவளுக்குத்தான்."

"பைத்தியமா உனக்கு? குழாயை மூடிட்டா நாளைக்கு ஒழுகினா எப்படிப் பாக்கறது? திரும்ப உடைக்கறதா?"

"ஒழுகறது உனக்குத் தெரியுமா?" என்று நெலிதா கேட்டாள்.

அவன் யாரோ கூப்பிட்டது போல வாசல் பக்கம் போய்விட்டான். அங்கே யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை அம்மாவைத் தோளில் தூக்கி மலைமேல் ஏற்றினார்கள். இரண்டு ட்ரம்பெட்டும் ஒரு பெரிய மேளமும் முன்னால் போயின. குழியில் மண் தள்ளும்போது நெலிதாவுக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற ஞானத்தாய் ஹுஸ்தினா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் ஹுஸ்தினாவும் ஒரே பஸ்ஸில் மலையிலிருந்து லீமாவுக்கு வேலை தேடி வந்தவர்கள். எழுபது தாண்டிய ஹுஸ்தினாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆளை நிழலாகத்தான் பார்ப்பாள்.

"சனிக்கிழமை துணி அலசணும்," என்றாள் ஹுஸ்தினா. "செத்த நாளோட அஞ்சாம் நாள். அன்னிக்கு சாயங்காலத்துக்கு மேல உங்கம்மா கடைசியா ஒரு தடவ வீட்டைச் சுத்திப் பாக்க வருவா. பாத்துட்டுப் போனா போனதுதான். சாம்பல் எடுத்து வெச்சுக்க, அவ ரூம்ல தூவணும். மறுநாள் காலடி தெரியும்."

"எல்லா இடமும் பாப்பாளா, ஞானம்மா?"

"எதை நெனச்சுக்கிட்டுப் போனாளோ, அதைத்தான் மொதல்ல பாப்பா."

நெலிதா அங்கேயே கணக்குப் போட்டுவிட்டாள். வெள்ளி, சனி. இரண்டு நாள்.

*

வெள்ளிக்கிழமை விடிந்ததும் டிரில் மெஷின் சத்தம் கேட்டு வில்மெர் படி பாதி இறங்கி வந்து நின்றான். குளியலறைக்குப் படிப்பக்கமும் ஒரு வாசல் உண்டு; அதற்கு எதிரில்தான் படி முடிகிறது. அவன் கடைசிப் படிக்கு வரவில்லை.

"துக்க வீட்டுல யாராவது ஆணி அடிப்பாங்களா? தெருவுல என்ன பேசுவாங்க?"

"ஆணி இல்ல. ஸ்குரூ."

"அக்கா, நான் விளையாடல."

"நானும் விளையாடல. ஜிப்சம் போர்டுக்கு யாரும் ஆணி அடிக்கறதில்ல. போய் வேலையப் பாரு."

இரண்டு பதினெட்டில் போட்டிருந்த நீலக் கோட்டை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழிக்கவில்லை. அதற்கு எட்டு சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போட்டாள். இரண்டு பத்து. தொழில் தெரிந்த யாராவது பார்த்தால் சிரிப்பான். சிரிக்கட்டும். சுவரைச் சுற்றித் தகரச் சட்டத்தை அந்தக் கோட்டில் திருகி முடுக்கினாள். குறுக்குச் சட்டங்களைத் தொங்கவிட்டாள். ஒயர் இழுத்தாள். வேலையில் இருந்தபோது அழுகை வரவில்லை. மட்டம் பார்க்கக் கண்ணைச் சுருக்கியபோது ஒருமுறை வந்தது. சட்டைக்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் மட்டம் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில்தான் சிக்கல். டப்பா நிரம்பியிருந்தது. மூட்டு சொட்டுகிறவரை பலகை ஏற்ற முடியாது. என்ன பச்சைப் பலகையானாலும் ஒரே மாசத்தில் ஊறித் தொங்கிவிடும். மூட்டை அறுத்துப் புது வளைவு ஒட்ட வேண்டும். ஒட்டுவதென்றால் மேலே யாரும் தண்ணீர் விடக் கூடாது.

கேட்டால் வில்மெர் விடமாட்டான். ஆகவே அவள் கேட்கவில்லை. நிரம்பிய டப்பாவையும் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மாடிக் குளியலறைக்குப் போகும் வால்வை மூடினாள். கைப்பிடியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். இறங்கும் வழியில் மார்கரின் டப்பாவைக் கொண்டுபோய், கொட்டாமல் அப்படியே, தம்பியின் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

வில்மெரின் மனைவி ரோக்ஸானா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி, என்ன இது?"

"உங்க வீட்டுச் சொத்து. பதினோரு வருஷமா எங்கம்மா பத்திரமா பாத்துக்கிட்டா. சாயங்காலம் வரைக்கும் உங்க வீட்டுல யாரும் கக்கூஸ் போகக் கூடாது. அவசரம்னா பக்கத்து வீட்டுக்குப் போங்க."

வில்மெர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். வாயைத் திறப்பதற்குள் ரோக்ஸானா கத்தியை வைத்துவிட்டாள்.

"நல்லது," என்றாள் கணவனைப் பார்க்காமல். "ஒவ்வொரு தடவ தண்ணி ஊத்தும்போதும் அத்தை கீழ இருக்கக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டு ஊத்தியிருக்கேன் நான். உங்க தம்பிகிட்ட எத்தன தடவ சொல்லியாச்சு. பக்கத்து வீட்டுக்கே போறோம், அண்ணி. தெருவே சிரிச்சாலும் பரவால்ல."

"நீயுமா?" என்றான் வில்மெர்.

"நான் முன்னாடியிருந்தே. நீதான் கவனிக்கல."

*

துணியை ரத்த சொந்தம் அலசக் கூடாது என்பது வழக்கம். அதனால் மொட்டைமாடியில் ஹுஸ்தினாவும் ரோக்ஸானாவும் பெரிய அலுமினியத் தொட்டியில் அலசினார்கள். செனோபியாவின் பாவாடைகள், கம்பளிச் சட்டைகள், முழங்காலில் ஒட்டுப்போட்ட இரண்டு உள்பாவாடை. வில்மெர் தண்ணீர் சுமந்து ஊற்றினான். அது அவன் முறை. அதில் குறை வைக்கவில்லை. நெலிதா மூட்டில் தடவும் பசையைத் தேடி மேலே வந்திருந்தாள்.

ஒரு நீல வேலைச்சட்டை கைக்கு வந்ததும் ஹுஸ்தினா அலசுவதை நிறுத்தினாள். காலரைத் தடவிப் பார்த்தாள்.

"இது மிராஃப்ளோரெஸ் சட்டையில்ல?"

"ஆமா," என்றாள் நெலிதா. "முட்டி வலின்னு வேலைய விட்டுட்டு வந்தாளே, அன்னிக்குப் போட்டிருந்தது."

"முட்டி வலி," என்றாள் ஹுஸ்தினா. சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "போயிட்டா, இனிமே சொன்னா என்ன. முட்டியும் இல்ல, வலியும் இல்ல. தொரத்திட்டாங்க."

வில்மெர் வாளியைக் கீழே வைத்தான்.

"புது வருஷத்துக்கு அந்தம்மா குடும்பத்தோட கடற்கரைக்குப் போயிருந்துது. வீட்டுல உங்கம்மா மட்டும். ஆறு விளக்கையும் போட்டுக்கிட்டு அந்தக் குளியலறையில குளிச்சிருக்கா. ஒரு மணி நேரம். அவங்க சோப்பு தொடல, அவங்க துண்டு தொடல. தன் சோப்பு, தன் துண்டு. அந்தம்மா திரும்பி வந்து தண்ணி போற ஓட்டையில ஒரு முடியப் பாத்துச்சாம். நீளமா, நரைச்ச முடி. அந்த வீட்டுல யாருக்கும் அவ்வளவு நீள முடி இல்ல."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே," என்றாள் நெலிதா.

"எப்படிச் சொல்வா? மன்னிப்புக் கேளு, வெச்சுக்கறேன்னு அந்தம்மா சொல்லிச்சாம். இவ கேட்கல. முப்பது வருஷம் தொடச்சதுக்கு ஒரு குளியல் தப்பான்னு கேட்டுட்டு, சட்டையக்கூட மாத்தாம பஸ் ஏறிட்டா. நேரா என் வீட்டுக்குத்தான் வந்தா. அழுவான்னு பாத்தேன். எங்க அழுதா? எனக்குன்னு ஒண்ணு கட்டிக்கறேன் பாருன்னா."

சொட்டுச் சொட்டாகச் சட்டையிலிருந்து தண்ணீர் ஹுஸ்தினாவின் முதுகில் இறங்கியது.

"அது எந்த வருஷம்?" என்று வில்மெர் கேட்டான்.

"நீ மாடி கட்டினியே, அதுக்கு முந்தின வருஷம்."

வில்மெர் வாளியை எடுத்தான். தண்ணீர் பிடிக்கப் போகிறவன் போலத் தொட்டிப் பக்கம் போனான். வாளியைக் கீழே வைக்காமலே, முதுகைக் காட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்ற கம்பிகளில் ஒன்றைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றான். நெலிதா பசை டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டாள்.

பழைய வளைவை அறுத்தாள். நாற்றம் தாங்கவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு புதியதை ஒட்டினாள். காய விட்டு, மூன்று மணிக்கு வால்வைத் திறந்தாள். மூடுவதற்கு முன் ஒருமுறை தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். மேலே ரோக்ஸானா இருப்பாள் என்று நினைத்து, மூட்டின் அடியில் உள்ளங்கையை ஏந்தியபடி, "ஊத்து," என்று குரல் கொடுத்தாள்.

மேலே சத்தமில்லை. ரோக்ஸானா இன்னும் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்புறம் மேலே கனத்த காலடி. தண்ணீர் தடதடவென்று குழாயில் ஓடியது. உள்ளங்கை ஈரமாகவில்லை.

"இன்னொரு தடவ," என்றாள்.

ஓடியது. கை காய்ந்தே இருந்தது. மூன்றாவது தடவை அவள் கேட்காமலே ஊற்றினான்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. காப்பிக் கறை பட்ட பக்கம் மேலே போகிறாற்போலப் பலகையைத் திருப்பி, தலையால் முட்டுக்கொடுத்துத் திருகினாள். குழாய்க்கு நேர்கீழே ஒரு சின்னக் கதவு வைத்தாள். நாளைக்கு ஒழுகினாலும் எதையும் உடைக்க வேண்டியதில்லை. அம்மாவின் காலண்டர் தாளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, வட்ட ரம்பத்தால் ஆறு ஓட்டை போட்டாள். சீக்கிரம் காயும் பட்டியாக வாங்கியிருந்ததால் இணைப்புகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து முடிக்கும்போது வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. தலை, புருவம், தரை எல்லாம் ஒரே வெள்ளை.

விளக்கைப் போட்டாள். ஆறும் எரிந்தன. இரண்டு பத்தில், கூரை போர்வை மாதிரி கிட்டே வந்து நின்றது. அம்மா சொன்னது சரிதான். இந்த உயரம்தான் சரி. தொழில் மானமாம். நெலிதா தரையிலேயே உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் அழுதாள்.

சாம்பல் கிண்ணத்தோடு ஹுஸ்தினா வந்தாள். துடைப்பத்தை எடுத்த நெலிதாவின் கையைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்றே?"

"பட்டித் தூளு ஞானம்மா. பெருக்கிட்டா நீங்க சாம்பல் தூவலாம்."

ஹுஸ்தினா குனிந்து விரலால் தரையைத் தொட்டு, இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். "சாம்பலவிட நைசா இருக்கே. விடு. இதுவே போதும். கட்டில் ரூமுக்கு மட்டும் சாம்பல் போடறேன். விளக்கை அணைச்சுட்டு வா. அவளுக்கு எதுக்கு விளக்கு, வழி தெரியும்."

நெலிதா தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து படிப்பக்கமாக வெளியே வந்தாள். தன் காலடி இல்லாதபடி வாசலில் நின்று உப்புத்தாளைத் தட்டி மீதித் தூளையும் தூவினாள். விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டிக்காரனின் ஹார்ன் கேட்டு எழுந்து வந்தபோது, சாத்திய கதவின் அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது.

கட்டில் அறையில் சாம்பல் கலையாமல் அப்படியே இருந்தது. நெலிதா குளியலறைக் கதவை மெல்லத் தள்ளினாள்.

ஆறும் எரிந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தரையில் வெறுங்கால் தடங்கள். படிப்பக்க வாசலிலிருந்து உள்ளே நாலு எட்டு. நடுவில், விளக்குகளுக்கு நேர்கீழே, குதிகால் இரண்டும் சேர்ந்த இடத்தில் தூள் அழுந்தி மறைந்து தரையே தெரிந்தது. அவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும். பெரிய பாதம். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. தம்பிக்குப் பத்தொன்பது வயதில் ஆட்டோச் சங்கிலியில் சிக்கிப் போன விரல் அது.

அண்ணாந்து பார்த்தாள். நேற்றுத் தேய்த்த கூரையில், குழாய் ஓடும் பக்கமாக, ஒரு முழு உள்ளங்கை பதிந்திருந்தது.

பின்னால் ஹுஸ்தினாவின் செருப்புச் சத்தம் கேட்டது. "தெரியுதாடி?" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வந்தாளா? எனக்கு வெள்ளை வெளேர்னு வெளிச்சம்தான் தெரியுது."

நெலிதா மறுபடியும் அந்த இடது காலடியைப் பார்த்தாள்.

"உள்ள வந்து, நின்னு, நல்லாப் பாத்துட்டுத்தான் போயிருக்கு, ஞானம்மா."

"பிடிச்சிருந்துச்சா அவளுக்கு?"

"ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருக்கு."

ஹுஸ்தினா சிலுவை போட்டுக்கொண்டாள். காப்பி போடுவதாகச் சொல்லிச் சுவரைத் தடவியபடி சமையலறைக்குப் போனாள்.

வாசலில் நின்றபடியே நெலிதா திரும்பினாள். எதிரே மாடிப்படி. சிவப்புச் சிமெண்ட்டில் முதல் படியில் ஒரு வெள்ளைப் பாதம் அச்சாக விழுந்திருந்தது. இரண்டாவது படியிலும். மேலே போகப் போக மங்கி, ஏழாவது படியில் விரல்கள் மட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் காலடி பார்க்கத் தெரு திரண்டு வரும்.

குளியலறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். விளக்குகளை அணைக்கவில்லை. வாளியில் தண்ணீரும் ஒரு பழந்துணியும் எடுத்துக்கொண்டு ஏழாவது படிக்கு ஏறி, அங்கிருந்து துடைத்துக்கொண்டே இறங்கினாள்.

நாலாவது படியில் இருக்கும்போது மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. துணியைப் பிடித்தபடி காது கொடுத்தாள். குளியலறைக் கூரைக்குமேல் அது யாரோ வீட்டுத் தண்ணீர் மாதிரி எங்கோ ஓடி அடங்கியது.

"காலங்காத்தால அங்க என்னடி பண்றே?" என்று சமையலறையிலிருந்து ஹுஸ்தினா கேட்டாள்.

"படி துடைக்கறேன்," என்று சொல்லிவிட்டு நெலிதா மூன்றாவது படிக்கு இறங்கினாள்.